தலையில் பிசுபிசுப்பு, முடியில் சிக்கு: வீட்டிலேயே சரிசெய்யும் முறை

தலைக்குக் குளித்துக் காயவைத்த பிறகும் மண்டையில் மெழுகு தடவியதுபோல் ஏதோ ஒட்டுகிறது, முடி நுனியில் கொத்துக் கொத்தாகச் சிக்கிக் கிடக்கிறது, சீப்பு பாதியில் நின்றுவிடுகிறது. இந்த நிலையில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இன்னொரு தடவை ஷாம்பூ போட்டு நன்றாகத் தேய்ப்போம் என்பதுதான். தயவுசெய்து வேண்டாம். பிசுக்கு எதனால் வந்தது என்று தெரியாமல் தேய்த்தால் பிசுக்கு அங்கேயே இருக்கும், சிக்குதான் இறுகும்.

முதலில், அது என்ன பிசுக்கு?

காய்ந்த தலையில் விரல் நகத்தால் மெதுவாக வழித்துப் பாருங்கள். நகத்தில் வந்ததை ஒரு துண்டுச் செய்தித்தாளில் தேய்த்தால் எண்ணெய்க் கறை ஊறுகிறதா? அப்படியானால் எண்ணெய் போகவில்லை. வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ மெழுகுபோல் வந்தால் பெரும்பாலும் சோப்புப் படிவு. நறநறவென்று தூளாக வந்தால் சீயக்காய், மருதாணி, வெந்தயம் மாதிரி ஏதோ ஒன்று சரியாக அலசப்படாமல் தங்கியிருக்கிறது. கண்டிஷனரை மண்டையில் தேய்க்கும் பழக்கம் இருந்தால் அதுவும் பிசுபிசுப்புக்குக் காரணமாகும், கண்டிஷனர் நுனி முடிக்கு மட்டும்தான்.

இதில் சோப்புப் படிவைத்தான் பலர் கவனிப்பதே இல்லை. போர் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் அதிகம் இருந்தால் குளியல் சோப்பு அவற்றோடு சேர்ந்து தண்ணீரில் கரையாத ஒரு படிவாக மாறிவிடும். பக்கெட்டின் உள்பக்கம் வெள்ளை வளையமாகப் பிடிக்கிறதே, அதில் இதுவும் இருக்கும். அந்தத் தண்ணீரில் தலைக்குச் சோப்புப் போட்டால் அது முடியிலும் படியும். சந்தேகம் இருந்தால் ஒரு பாட்டிலில் போர் தண்ணீர், இன்னொன்றில் கேன் தண்ணீர் அல்லது மழைத் தண்ணீர் எடுத்து, இரண்டிலும் ஒரே அளவு சோப்புச் சீவலைப் போட்டுக் குலுக்குங்கள். நுரை நிற்காமல் தண்ணீர் பால்போல் கலங்கினால் அது கடினத் தண்ணீர்.

சிக்கெடுப்பது தண்ணீர் படுவதற்கு முன்பு

இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். ஈர முடி சுலபமாக இழுபட்டு அறுந்துவிடும், சிக்கோடு தண்ணீரை ஊற்றித் தேய்த்தால் முடிச்சு இன்னும் இறுகும். அதனால் காய்ந்த தலையிலேயே ஆரம்பிக்க வேண்டும்.

முடியை நான்கைந்து பகுதியாகப் பிரித்துக் கிளிப் போட்டுவிட்டு, ஒரு பகுதியை மட்டும் கையில் எடுங்கள். உள்ளங்கையில் அரை டீஸ்பூன் தேங்காய் எண்ணெய் போதும், அதைச் சிக்கு இருக்கும் இடத்தில் மட்டும் தடவிப் பத்து நிமிடம் விடுங்கள். மண்டைக்குப் போக வேண்டாம், அங்கே ஏற்கெனவே பிசுக்கு இருக்கிறது. பிறகு சீப்பைத் தொடாமல் இரண்டு கை விரல்களாலும் முடிச்சைப் பக்கவாட்டில் பிரித்துப் பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாக இழைகளை வெளியே எடுங்கள். கீழ்நோக்கி இழுத்தால் முடிச்சு இறுகத்தான் செய்யும். பெரிய முடிச்சு நாலு சின்ன முடிச்சாக ஆன பிறகு அகலப் பல் சீப்பு எடுக்கலாம். முதலில் நுனியிலிருந்து இரண்டு அங்குலம், அது சுத்தமானதும் அதற்கு மேலே, அப்புறம் இன்னும் மேலே. சிக்குக்கு மேலே முடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் வேரில் வலி இருக்காது. குழந்தைகளுக்குச் செய்யும்போது இந்தப் பிடி ரொம்ப முக்கியம், ஒரு தடவை வலித்துவிட்டால் அடுத்த வாரம் சீப்பைப் பார்த்தாலே ஓடுவார்கள்.

தேங்காய் எண்ணெய்தான் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அது முடியின் உள்ளே இறங்கக்கூடியது, குளிக்கும்போது முடி புரதம் இழப்பதைக் குறைக்கிறது என்று 2003ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது, அதே ஆய்வில் சூரியகாந்தி எண்ணெய்க்கு அந்தப் பலன் இல்லை. விளக்கெண்ணெய் இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம். அது மிகவும் கெட்டி. அதைத் தேங்காய் எண்ணெயோடு கலந்து தேய்த்துக் குளித்த ஒரு பெண்ணின் முடி மொத்தமும் பிரிக்க முடியாத சடையாக இறுகிப்போனதை 2017ல் ஒரு மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள்.

இனி கழுவலாம்

எண்ணெய்ப் பிசுக்கு என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் தலையை நன்றாக நனைத்துவிட்டு, ஒரு சின்ன மூடி ஷாம்பூவை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கி மண்டையில் மட்டும் ஊற்றி விரல் நுனியால் தேயுங்கள், நகம் வேண்டாம். முதல் தடவை நுரை வராது, எண்ணெய் இருப்பதால். அலசிவிட்டு இரண்டாம் தடவை போடும்போது நுரை வரும். முடியை உச்சியில் குவித்துக் கசக்கவே கூடாது, எடுத்த சிக்கெல்லாம் திரும்பி வந்துவிடும்.

சீயக்காய் போடுகிறவர்கள் தூளைக் குழைத்து அப்படியே அப்பாமல், காயைக் கொதிக்கவைத்து, ஆறியதும் கையால் கசக்கித் துணியில் வடிகட்டி அந்தச் சாற்றைப் பயன்படுத்துங்கள். சீயக்காயில் நுரை தருவது சபோனின், அது சோப்பைப்போல் கடினத் தண்ணீரில் திரிந்து படியாது. போர் தண்ணீர் வீடுகளுக்கு இது நல்ல வழி. சாதம் வடித்த கஞ்சி சேர்த்தால் முடி வழுக்கலாக இருக்கும், ஆனால் கஞ்சியைச் சரியாக அலசாவிட்டால் காய்ந்து அதுவே விறைப்பாகப் பிடித்துக்கொள்ளும். கண்ணை இறுக மூடிக்கொள்ளுங்கள், சீயக்காய் எரிச்சல் சாதாரணமல்ல.

சோப்புப் படிவு என்றால் கடைசியாக ஓர் எலுமிச்சை அலசல். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, அதற்கு மேல் வேண்டாம். வினிகர் இருந்தால் அதே அளவு வினிகர். தலையில் மெதுவாக ஊற்றி ஒரு நிமிடம் விட்டு, கேன் தண்ணீர் கிடைத்தால் அதிலேயே கடைசி அலசலை முடியுங்கள். அமிலம் அந்தப் படிவைக் கரைக்கும். பழத்தை வெட்டி நேராக மண்டையில் தேய்ப்பது கூடாது, எலுமிச்சைச் சாறு தோலில் இருக்கும்போது வெயிலில் நின்றால் தோல் வெந்து கருக்கலாம். தலையில் புண், கீறல் இருந்தால் இந்த அலசலே வேண்டாம். சமையல் சோடாவும் வேண்டாம், அது காரம், முடியைச் சொரசொரப்பாக்கி மறுபடி சிக்கில்தான் கொண்டுபோய் விடும்.

தூள் மிச்சத்துக்கு மருந்தே தேவையில்லை. காய்ந்த தலையை வாரி உதிர்த்துவிட்டு, நிறையத் தண்ணீரில் பகுதி பகுதியாக அலசினால் போய்விடும்.

காயவைப்பது

துண்டால் பரபரவென்று துவட்டாமல் பழைய பருத்தி வேட்டியோ டீ-ஷர்ட்டோ வைத்து ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு கொண்டை போட வேண்டாம். முக்கால்வாசி காய்ந்ததும் அதே அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து வாருங்கள். இரவு படுக்கும்போது தளர்வாகப் பின்னிக்கொண்டால் மறுநாள் சிக்கு பாதிதான் இருக்கும்.

இரண்டு மூன்று வாரம் இப்படிச் செய்தும் மண்டையில் மஞ்சளாகப் பிசுபிசுவென்று செதில் வருகிறது, அரிக்கிறது, சிவக்கிறது என்றால் அது அழுக்கு இல்லை, பூஞ்சை சம்பந்தப்பட்ட பொடுகாக இருக்கலாம். எண்ணெய் தடவுவதை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள், எண்ணெய் அந்தப் பூஞ்சைக்குத் தீனி. முடிச்சுகளுக்குள் பேன், ஈர் தெரிந்தால் முதலில் அதற்கு வைத்தியம் செய்யுங்கள்.

சீப்பையும் மறக்க வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பூ கலந்து சீப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் பல் இடுக்கில் தேய்த்துவிடுங்கள். தலையணை உறையையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள், பழைய எண்ணெய் அதில்தான் இருக்கும்.