அம்மாவுக்குப் பேசியே எழுதக் கற்றுக்கொடுத்தது

அம்மாவுக்கு 76 வயது. விரல் மூட்டுகள் வீங்கியிருப்பதால் போனில் ஓர் எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்து விழும். "சாப்பிட்டியா" என்று பேரனைக் கேட்கவே கால் மணி நேரம் ஆகும். இப்போது பேசியே எழுதிவிடுகிறார். கூகுள் 2017இலேயே தமிழுக்கு இந்த வசதியைக் கொண்டுவந்துவிட்டது. இத்தனை வருஷம் காட்டாமல் விட்டதில் எனக்கு வருத்தம்தான்.

போனை முதலில் நீங்களே தயார் செய்துவிடுங்கள். கூகுளின் கீபோர்டான ஜிபோர்டின் செட்டிங்ஸில் மொழிகளுக்குப் போய்த் தமிழைச் சேருங்கள். கீபோர்டு தமிழில் இருக்கும்போது அதன் மேல் வரிசையில் உள்ள மைக்கைத் தொட்டால், பேசுவது எழுத்தாக வரும். முதல் தடவை அனுமதி கேட்கும், கொடுத்துவிடுங்கள். நெட் ஆனில் இருக்கட்டும்.

அம்மா தடுமாறியது வாட்ஸ்அப்பில்தான். அங்கே இரண்டு மைக், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக. மேலே பச்சை வட்டத்தில் இருப்பது குரலை அப்படியே அனுப்பும். கீழே கீபோர்டில் இருப்பதுதான் எழுதும். அம்மா பச்சையை அழுத்திப் பிடித்துக்கொண்டே "எதைடி தொடணும்?" என்று கேட்க, அது அப்படியே பேரனுக்குப் போய்விட்டது. "பச்சை வேணாம்மா, அதுக்குக் கீழ இருக்கிறது. தொட்டதும் விரலை எடுத்துடுங்க" என்று சொன்ன பிறகு சரியாக வந்தது.

அடுத்தது, யோசிப்பது. பாதியில் நிறுத்தி யோசித்தால் மைக் அணைந்துவிடும். அதனால் சொல்ல வேண்டியதை முதலில் என்னிடம் ஒரு தடவை சொல்லச் சொன்னேன், அப்புறம் மைக். கத்தவும் வேண்டாம், "நா... ளை... க்கு" என்று பிரித்துச் சொல்லவும் வேண்டாம். பக்கத்து வீட்டாரிடம் பேசுகிற மாதிரி பேசினாலே போதும். சீரியல் ஓடும்போது மட்டும் முயற்சி செய்யாதீர்கள்.

தப்பு வரத்தான் செய்யும். "பாலு வந்தான்" என்றால் "பால் வந்தான்" என்று விழுந்தது. புரிகிற தப்பை விட்டுவிடலாம். மாத்திரை பெயர், பணத் தொகை இரண்டை மட்டும் படித்துப் பார்க்காமல் அனுப்பக் கூடாது. அதற்காகவே போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்தேன்.

எவ்வளவு தாமதமானாலும் போனைப் பிடுங்கிச் செய்து காட்டாதீர்கள். அவர்கள் விரல்தான் தொட வேண்டும். வாட்ஸ்அப்பில் தன் எண்ணுக்கே தான் அனுப்பிக்கொள்ளலாம்; பழக அதுதான் நல்ல இடம், யாரும் பார்க்க மாட்டார்கள். அம்மா அங்கே முதலில் எழுதியது மளிகை லிஸ்ட்: "துவரம்பருப்பு ஒரு கிலோ, புளி கால் கிலோ, பெருங்காயம்."