பேசினா போதுமா, பெர்மிஷன் வேணுமா? சோலோ பறக்கிறவங்க ஏர்ஸ்பேஸ்ல பண்ற தப்புங்க

ஏர்ஸ்பேஸ் டேபிளை (வானத்தை ஏ, பி, சி, டி, ஈ, ஜி-ன்னு கிளாஸா பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் என்ன விதின்னு சொல்ற அட்டவணை) தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் ஒப்பிக்கிற பசங்கதான் சோலோ கிராஸ் கன்ட்ரில (இன்ஸ்ட்ரக்டர் இல்லாம தனியா வேற ஊருக்குப் பறக்கிறது) மாட்டிக்கிறாங்க. அமெரிக்கால ட்ரெயினிங் எடுத்தப்பவும் இதைப் பாத்தேன், இப்ப எஃப்ஏஏ (அமெரிக்க விமானத்துறை) ரூல்ஸ் படிச்சுட்டு சந்தேகம் கேக்கிற தம்பி தங்கச்சிங்ககிட்டயும் பாக்கறேன். கிளாஸ் ஏ 18,000 அடில ஆரம்பம், டி 2,500 அடி வரைக்கும், சி-க்கு 5 மைல் 10 மைல் வளையம், எல்லாம் வாயில இருக்கு. மேல போனதும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் இல்ல: இந்த உயரத்துல, இந்த இடத்துக்குள்ள போறதுக்கு என்னை யாராவது சரின்னு சொல்லியிருக்காங்களா?

என் பேட்ச் பையன் ஒருத்தன், ஃப்ளோரிடால ரெண்டாவது சோலோ கிராஸ் கன்ட்ரி. முன்னாடி ஒரு கிளாஸ் சி ஏர்போர்ட். 13 மைல் இருக்கும்போது அப்ரோச்சை (ஏர்போர்ட்டைச் சுத்தி வர்ற விமானங்களைப் பாத்துக்கிற கன்ட்ரோலர்) ரேடியோல கூப்பிட்டான். ரேடியோல கூட்டம், கன்ட்ரோலர் மூச்சு விடாம பேசிட்டு இருக்கார், நடுவுல "ஏர்கிராஃப்ட் காலிங், ஸ்டாண்ட்பை"ன்னு ஒரு பதில் வந்துச்சு. பதில் வந்துடுச்சேன்னு இவன் நேரா போயிட்டே இருந்தான். செஸ்னா 172-ல 100 நாட் வேகத்துல 3 மைல் போறதுக்கு ரெண்டு நிமிஷம் கூட ஆகாது, மடில இருந்த சார்ட்ல சி எல்லையைக் காட்டுற மெஜென்டா கோட்டைத் தேடி முடிக்கிறதுக்குள்ள உள்ள போயிட்டான்.

இங்க நுணுக்கம் என்னன்னா, சி-க்கும் டி-க்கும் ரெண்டு பக்கமும் பேச்சு நடந்திருக்கணும், அவ்ளோதான் விதி. பேச்சு நடந்துச்சுன்னு எப்ப அர்த்தம்? கன்ட்ரோலர் உங்க கால்சைனைச் (விமானத்தோட பதிவு எண், அமெரிக்கால 'நவம்பர்'னு ஆரம்பிக்கும்) சொன்னா. "நவம்பர் இத்தனை, ஸ்டாண்ட்பை"ன்னு சொன்னா பேச்சு ஆரம்பிச்சாச்சு, நீங்க உள்ள போகலாம். "ஏர்கிராஃப்ட் காலிங், ஸ்டாண்ட்பை"ன்னா அவர் யார்கிட்ட பேசறார்னு அவருக்கே தெரியாது, அதனால வெளியதான் நிக்கணும். கால்சைனையும் சொல்லி "ரிமெயின் அவுட்சைட்"னு சொன்னா அப்பவும் வெளியதான். அதான் நான் எல்லார்கிட்டயும் சொல்றது, 20 மைல்லயே கூப்பிடுங்க, பதில் வரலைன்னா 12 மைல்ல ஒரு வட்டம் அடிங்க, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க.

கிளாஸ் பி-ல (ரொம்ப பிஸியான பெரிய ஏர்போர்ட்டைச் சுத்தி இருக்கிறது, ரேடியோல 'பிராவோ') இதே பழக்கத்தோட போனா ரொம்ப ஆபத்து. அங்க கால்சைன் பத்தாது, ஸ்குவாக் கோடு (ரேடார்ல நம்மளை அடையாளம் காட்ட டிரான்ஸ்பாண்டர்ல போடுற நாலு நம்பர்) குடுத்தாலும் பத்தாது, "ரேடார் கான்டாக்ட்"டும் பத்தாது. "கிளியர்ட் இன்ட்டு த பிராவோ"ங்கிற மாதிரி தெளிவா ஒரு கிளியரன்ஸ் உங்க காதுல விழணும். நிறைய பேர் ஏமாறுறது ஃப்ளைட் ஃபாலோயிங்லதான், அதாவது கன்ட்ரோலர் ரேடார்ல நம்மளைப் பாத்து பக்கத்து ட்ராஃபிக்கைச் சொல்ற உதவி. ஒரு மணி நேரமா அப்ரோச்கிட்ட பேசிட்டே வர்றோம், ட்ராஃபிக் எங்க இருக்குன்னு அழகா சொல்றாங்க, நம்மளைப் பாத்துட்டுதானே இருக்காங்கன்னு ஒரு தைரியம் வந்துடுது, அப்படியே பிராவோ ஷெல்ஃபுக்குள்ள (தரையைத் தொடாம ஒரு உயரத்துலேர்ந்து ஆரம்பிக்கிற அடுக்கு) ஏறிடுறாங்க. ஃப்ளைட் ஃபாலோயிங் கிளியரன்ஸ் கிடையாது. சந்தேகம் வந்தா "கன்ஃபர்ம் கிளியர்ட் இன்ட்டு த பிராவோ?"ன்னு ஒரு வரி கேட்டுடுங்க. ஸ்டூடண்டா சோலோ போறீங்கன்னா, அந்த குறிப்பிட்ட பி ஏர்ஸ்பேஸுக்குன்னு இன்ஸ்ட்ரக்டர் ட்ரெயினிங் குடுத்து லாக்புக்ல கையெழுத்து போட்டிருக்கணும், அதுவும் கடைசி 90 நாளுக்குள்ள. ஒரு ஊர் பி-க்கு வாங்கினதை வச்சு இன்னொரு ஊர் பி-க்குள்ள போக முடியாது.

இவ்ளோ கண்டிப்பு எதுக்குன்னு கேக்கிறவங்களுக்கு, 1986 ஆகஸ்ட் 31 பத்தி கண்டிப்பா தெரிஞ்சிருக்கணும். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் செரிட்டோஸ்னு ஒரு ஊர். ஒரு சின்ன பைப்பர் ஆர்ச்சர், உள்ள 3 பேர், கிளியரன்ஸ் இல்லாம லாஸ் ஏஞ்சலஸ் டிசிஏக்குள்ள போயிடுச்சு, இன்னிக்கு நாம கிளாஸ் பி-ன்னு சொல்றமே அதோட பழைய பேரு அது, 1993-லதான் எழுத்து முறைக்கு மாத்தினாங்க. இறங்கிட்டு இருந்த ஏரோமெக்சிகோ டிசி-9-ம் இதுவும் 6,500 அடி வாக்குல மோதிக்கிச்சு. ரெண்டு விமானத்துலயும் இருந்த 67 பேர், கீழ 15 பேர், மொத்தம் 82 உயிர். பைப்பர்ல டிரான்ஸ்பாண்டர் இருந்துச்சு, ஆனா உயரத்தை அனுப்புற மோட் சி இல்ல. பி ஏர்போர்ட்டைச் சுத்தி 30 மைல் மோட் சி வளையம், பயணிகள் விமானத்துல டிகாஸ் (இன்னொரு விமானத்தோட மோதாம எச்சரிக்கிற கருவி) கட்டாயம், இதுக்கெல்லாம் பின்னாடி அந்த விபத்து இருக்கு. அந்த பைலட் வேணும்னு போகல, எங்க இருக்கோம்னு தெரியாம போயிருக்கலாம். தெரியாம உள்ள போறது எவ்ளோ சுலபம்னு சார்ட்டை வச்சுட்டு உக்காந்தா உங்களுக்கே புரியும்.

ஏன்னா அடுத்த தப்பு அங்கதான் இருக்கு, உயரத்துல. சார்ட்ல பி, சி ஷெல்ஃபுக்கு போட்டிருக்கிற நம்பர் எல்லாம் கடல் மட்டத்துலேர்ந்து, நூறு நூறா. 30-ன்னு இருந்தா 3,000 அடி. ஆனா ஈ 700 அடில ஆரம்பிக்குது, 1,200 அடில ஆரம்பிக்குதுன்னு சொல்றது தரையிலேர்ந்து. ஃப்ளோரிடால படிச்ச பசங்களுக்கு இந்த வித்தியாசமே உறைக்காது, அங்க தரை கிட்டத்தட்ட கடல் மட்டம்தான், ரெண்டும் ஒண்ணாவே இருக்கும். அதே பையன் டென்வர் பக்கம் போனா தரையே 5,000 அடிக்கு மேல. அங்க டி "2,500 அடி வரைக்கும்"னு மனப்பாடம் பண்ணிட்டு, அது தரையிலேர்ந்துங்கிறதை மறந்து, ஆல்டிமீட்டர்ல (கடல் மட்டத்துலேர்ந்து உயரம் காட்டுற மீட்டர்) 6,500 காட்டுதே, நான் மேலதான் இருக்கேன்னு நினைச்சா, டி-யோட நட்ட நடுவுல இருப்பான்.

இதோட ஆல்டிமீட்டர் செட்டிங்கையும் (அந்தந்த இடத்தோட காத்தழுத்தத்தை மீட்டர்ல வைக்கிறது) சேத்துக்கோங்க. ஷெல்ஃப் 3,000-ல ஆரம்பிக்குது, நான் 2,900-ல போறேன், 100 அடி கீழதானே, பத்தாதா? பத்தாது. காலைல 29.92 வச்சுட்டு கிளம்பினீங்க, போற ஊர்ல பிரஷர் 30.12, நீங்க மாத்தல. ஒரு இன்ச்சுக்கு சுமார் 1,000 அடி, அப்ப 0.20-க்கு 200 அடி. மீட்டர் 2,900-ன்னு காட்டும்போது நீங்க நிஜத்துல 3,100-ல, பிராவோக்குள்ள. எல்லாரும் பிரஷர் கூட இருக்கிற இடத்துலேர்ந்து கம்மியா இருக்கிற இடத்துக்குப் போனா ஜாக்கிரதைன்னு மட்டும் படிச்சிருப்பாங்க, அது தரைல மோதாம இருக்க. கம்மிலேர்ந்து கூடுதலுக்குப் போனா ஏர்ஸ்பேஸ்ல மாட்டுவீங்க. மத்தியானம் வெயில்ல தெர்மல் வேற தூக்கும், அதனால ஷெல்ஃபுக்குக் கீழ போகும்போது 300, 400 அடி விட்டுப் போறது நல்ல பழக்கம்.

அடுத்து வெதர் மினிமா, அதாவது கண்ணால பாத்து பறக்க குறைஞ்சபட்சம் இருக்க வேண்டிய வானிலை. இதை ஃபோன் நம்பர் மாதிரி மனப்பாடம் பண்ணாதீங்க, காரணத்தோட பிடிச்சா மறக்கவே மறக்காது. 10,000 அடிக்குக் கீழ ஈ-ல 3 மைல் விசிபிலிட்டி, மேகத்துக்கு 500 அடி கீழ, 1,000 அடி மேல, பக்கவாட்டுல 2,000 அடி. ஏன்? அந்த மேகத்துக்குள்ள ஐஎஃப்ஆர்ல (கருவிகளைப் பாத்து பறக்கிற விதி) ஒருத்தர் வந்துட்டு இருக்கலாம், அவர் வெளிய வந்த செகண்ட்ல நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்து விலக இடம் வேணும். 10,000 அடிக்கு மேல ஏன் 5 மைல், மேகத்துக்கு மேலயும் கீழயும் 1,000 அடி, பக்கவாட்டுல 1 மைல்? அங்க 250 நாட் ஸ்பீடு லிமிட் கிடையாது, எதிர்ல வர்றவர் ரொம்ப வேகமா வருவார். பி-ல மேகத்துல படாம இருந்தா போதும், ஏன்னா அங்க விஎஃப்ஆரையும் (கண்ணால பாத்து பறக்கிற விதில வர்றவங்க) சேத்து எல்லாரையும் கன்ட்ரோலரே பிரிச்சு வைக்கிறார்.

இதுலயும் ஒரு பொறி இருக்கு. ஜி-ல (கன்ட்ரோலர் கட்டுப்பாடு இல்லாத வானம்) பகல்ல தரைக்குப் பக்கத்துல 1 மைல் போதும்னு புக்ல இருக்கும், அதை நம்பி கிளம்பறாங்க. அது லைசென்ஸ் வாங்கினவங்களுக்கு. ஸ்டூடண்ட் பைலட்டுக்கு எந்த கிளாஸா இருந்தாலும் பகல்ல 3 மைல், ராத்திரில 5 மைல், கீழ தரையும் கண்ணுக்குத் தெரியணும். அப்ப ஸ்பெஷல் விஎஃப்ஆர் (வானிலை மினிமாக்குக் கீழ இருக்கும்போது கன்ட்ரோலர் தர்ற அனுமதி) 1 மைல்ல கேட்டு வாங்கிக்கலாமான்னா, 3 மைல் இல்லாத நாள்ல உங்களுக்கு அதுவும் இல்ல. விசிபிலிட்டி ஸ்டாட்யூட் மைல், தூரம் நாட்டிகல் மைல், இதையும் குழப்பிக்காதீங்க.

விஎஃப்ஆரும் விஎம்சியும் ஒண்ணுன்னு பேசறவங்க இன்னும் இருக்காங்க. விஎஃப்ஆர் நீங்க எந்த ரூல்ல பறக்கறீங்கங்கிறது, விஎம்சி வெளிய வானிலை எப்படி இருக்குங்கிறது. சுத்தமான நீல வானத்துல ஐஎஃப்ஆர்ல பறக்கலாம். விஎஃப்ஆர்ல கிளம்பிட்டு மேகத்துக்குள்ள போறதுதான் ஆளைக் கொல்றது.

க்ரூஸிங் ஆல்டிட்யூட் சின்ன விஷயம்: தரைலேர்ந்து 3,000 அடிக்கு மேல போனா, 0-லேர்ந்து 179 டிகிரி வரைக்கும் ஒற்றைப்படை ஆயிரத்தோட 500, 180-லேர்ந்து 359 வரைக்கும் இரட்டைப்படையோட 500. பாக்க வேண்டியது மேக்னெடிக் கோர்ஸ் (தரை மேல நாம போற பாதையோட திசை), ஹெடிங் (மூக்கு பாக்கிற திசை) இல்ல. காத்துக்காக மூக்கைத் திருப்பி ஹெடிங் 185 ஆயிடுச்சுன்னு உயரத்தை மாத்தினவங்களைப் பாத்திருக்கேன். அதே மாதிரி, டவர் ராத்திரி மூடிட்டா டி-யும் மூடிடும், அந்த இடம் ஈ-யாவோ ஜி-யாவோ மாறிடும், என்னவா மாறும்னு சார்ட் சப்ளிமென்ட்ல இருக்கு, கிளம்பறதுக்கு முன்னாடியே பாத்து வச்சுக்கோங்க.

இனி அங்க முடிச்சுட்டு இங்க வந்து டிஜிசிஏ கன்வெர்ஷன் (அமெரிக்க லைசென்ஸை இந்திய லைசென்ஸா மாத்துறது) பண்றவங்களுக்கு. எழுத்து அதேதான், அர்த்தம் அதே இல்ல. அமெரிக்க டி-ல கால்சைன் சொன்னா உள்ள போகலாம். ஐகாவோ (சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு) முறைப்படி டி-ல விஎஃப்ஆருக்கும் ஏடிசி (கன்ட்ரோலர்) கிளியரன்ஸ் வேணும், இந்தியா போறது அந்த வழிலதான், சென்னை மாதிரி பெரிய ஏர்போர்ட் கன்ட்ரோல் ஸோன் கூட இங்க டி-லதான் வருது. அங்க ராத்திரி விஎஃப்ஆர் சாதாரணம், பசங்க ராத்திரி கிராஸ் கன்ட்ரி போய்ட்டு வந்து ஃபோட்டோ போடுவாங்க. இங்க சூரியன் மறைஞ்சு 20 நிமிஷத்துலேர்ந்து உதிக்கிறதுக்கு 20 நிமிஷம் முன்னாடி வரைக்கும் விஎஃப்ஆர் கிடையாது, லோக்கல் ஃப்ளைட், ஃப்ளையிங் கிளப் ட்ரெயினிங்னு ஏடிசி விட்டுக்குடுத்தாத்தான். ஃப்ளைட் லெவல் 150-க்கு (15,000 அடி வாக்குல) மேலயும் விஎஃப்ஆர் இல்ல. விசிபிலிட்டி மைல்ல இல்ல, கிலோமீட்டர்ல, 10,000 அடிக்குக் கீழ 5, மேல 8. ஆல்டிமீட்டர் இன்ச்ல இல்ல, ஹெக்டோபாஸ்கல்ல. எல்லாத்துக்கும் மேல ஏர் டிஃபென்ஸ் கிளியரன்ஸ் நம்பர், எஃப்ஐசி (ஃப்ளைட் இன்ஃபர்மேஷன் சென்டர்) நம்பர்னு ரெண்டு இருக்கு, அமெரிக்கால ஒரு ஊர்லேர்ந்து இன்னொரு ஊருக்கு ஃப்ளைட் பிளானே இல்லாம கிளம்பிப் பழகினவங்க இங்க முதல்ல தடுமாறுறது இதுலதான்.

தப்பு நடந்துடுச்சுன்னா? அமெரிக்கால இருக்கீங்கன்னா 10 நாளுக்குள்ள நாசா ஏஎஸ்ஆர்எஸ்ல (விமானப் பாதுகாப்புத் தப்புகளை நாமளே தெரிவிக்கிற திட்டம்) ரிப்போர்ட் போடுங்க. தெரியாம நடந்த தப்புக்கு, விபத்தோ குற்றமோ இல்லாத பட்சத்துல, எஃப்ஏஏ உங்க மேல நடவடிக்கை எடுத்தாலும் தண்டனையைப் பொதுவா விலக்கிடுவாங்க. தரைல இறங்கி ஃபோன் பண்ணச் சொன்னா மரியாதையா பண்ணுங்க, நடந்ததை நடந்தபடி சொல்லுங்க.

அந்தப் பையன் கதைக்கு வர்றேன். வளையத்துக்குள்ள ஒரு மைல் போனப்புறம்தான் அவனுக்கே சந்தேகம் வந்துச்சு. ரேடியோல ஒரு இடைவெளி கிடைச்சதும் கால்சைனைச் சொல்லி, கூடவே "ஸ்டூடண்ட் பைலட்"னும் சொன்னான், எத்தனை மைல்ல எத்தனை அடில இருக்கான்னும் சொன்னான். அதுவரைக்கும் படபடன்னு பேசிட்டு இருந்த கன்ட்ரோலர் குரல் அப்படியே மெதுவாச்சு. ஸ்குவாக் கோடு நாலு நம்பரையும் தனித்தனியா சொன்னார், ஹெடிங் குடுத்தார், கடைசில ஏர்போர்ட் 11 மணி திசைல இருக்கு, தெரியுதான்னு கேட்டார். அந்த ரெண்டு வார்த்தையை முதல் கால்லயே சொல்லியிருந்தா 13 மைல்லயே அவனை யாருன்னு கேட்டிருப்பாங்கன்னு இன்னிக்கும் சொல்லுவான்.