ஃபைபரில் ஃபோட்டான் ஜோடி எடுப்பது: ஃபில்டரை எங்கே வைப்பது?

குவாண்டம் சோதனைக்கு ஃபோட்டான் (ஒளித்துகள்) ஜோடி வேண்டுமா? படிகம் இல்லாமல், கண்ணாடி இழையான ஃபைபரிலேயே எடுக்கலாம். ஃபைபருக்குள் செலுத்தும் லேசரின் (இதுதான் பம்ப்) இரண்டு ஃபோட்டான்கள் மறைந்து, சிக்னல், ஐட்லர் என்று இரண்டு புதிதாகப் பிறக்கும். 2002இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பிரேம் குமார் குழுவினர் 300 மீட்டர் ஃபைபரில் இதைச் செய்து காட்டினார்கள்.

முதலில் ஃபைபர். பூஜ்ய நிறப்பிரிகை, அதாவது அடுத்தடுத்த நிறங்கள் ஒரே வேகத்தில் போகும் அலைநீளம், 1550 நானோமீட்டர் பக்கம் வரும் டிஸ்பர்ஷன் ஷிஃப்டட் வகை வேண்டும். சாதாரண சிங்கிள் மோடு ஃபைபருக்கு அது 1310 பக்கம், இங்கே உதவாது.

அப்புறம் அதிர்வெண். பம்ப் 193.4 டெராஹெர்ட்ஸ் (அலைநீளத்தில் 1550 நானோமீட்டர் பக்கம்) என்றால் சிக்னல் 193.8, ஐட்லர் 193.0. பிரிப்பதற்கு, அலைநீளவாரியாக ஒளியைப் பிரிக்கும் டெலிகாம் டபிள்யூடிஎம் ஃபில்டர்களே போதும். அலைநீளத்தை மாற்றி வைக்கக்கூடிய, விலை கூடிய ட்யூனபிள் ஃபில்டர் ஆரம்பத்தில் வீண் செலவு என்பது என் கட்சி.

இனிதான் சிக்கல். 50 மெகாஹெர்ட்ஸ் பல்ஸ் லேசரில் சராசரி 1 மில்லிவாட் என்றால், ஒரு பல்ஸில் சுமார் 15 கோடி ஃபோட்டான்கள். நமக்கு வேண்டியதோ பத்து பல்ஸுக்கு ஒரு ஜோடிகூட இல்லை. ஆகவே பம்பை 100 டெசிபெலுக்கு மேல், அதாவது ஆயிரம் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே, அடக்க வேண்டும். ஃபைபருக்குப் பின்னால் ஃபில்டர்களை அடுத்தடுத்துப் போடுங்கள். அப்படியும் ஒரு கட்டத்துக்குக் கீழே டிடெக்டரின் எண்ணிக்கை இறங்காது. பம்பைப் பெருக்கும் எர்பியம் ஆம்ப்ளிஃபையர் இருந்தால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள். பம்போடு சேர்த்துப் பல அதிர்வெண்களில் பரவிய இரைச்சல் ஒளியையும் அது துப்பும், அதில் 193.8, 193.0 இரண்டும் உண்டு. பின்னால் உள்ள ஃபில்டருக்கு அதுவும் சிக்னல்தான், வழிவிட்டுவிடும். எனவே பம்பை மட்டும் விடும் ஃபில்டர்களை ஃபைபருக்கு முன்னாலேயே வையுங்கள்.

சரிபார்க்க, நீள ஃபைபரைக் கழற்றி ஒரு மீட்டர் பேட்ச் கார்டு (இணைப்பு ஃபைபர்) மாட்டுங்கள். எண்ணிக்கை அப்படியே நின்றால் அது பம்ப் பக்கத்துக் கசிவு. விழுந்தால், முன்பு வந்தவை ஃபைபருக்குள் பிறந்தவை.

உள்ளே பிறந்தவற்றிலும் எல்லாம் ஜோடி அல்ல. நம் சி.வி. ராமன் 1928இல் கண்ட சிதறல்தான் இங்கே வில்லன்: பம்ப் ஃபோட்டான் கண்ணாடியில் சிதறி, ஜோடியில்லாமலே வேறு அதிர்வெண்ணுக்கு மாறிவிடும். பம்ப் திறனை இரட்டித்தால் ஜோடி நான்கு மடங்காகும், ராமன் ஃபோட்டான் இரண்டு மடங்குதான். அதற்காகத் திறனை ஏற்றிக்கொண்டே போனால் ஒரே பல்ஸில் பல ஜோடிகள் வந்து குழப்பும். ஃபைபர் சுருளைத் திரவ நைட்ரஜனில், 77 கெல்வினில், முக்குவது நல்ல வழி; குளிரில் ராமன் சிதறல் குறையும்.

பிற்சேர்க்கை: இரு டிடெக்டர்களிலும் ஃபோட்டான் வந்த நேர வித்தியாசத்தை வரைந்தால் தெரிய வேண்டிய, ஜோடிக்கான உச்சமே தெரியவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். டிடெக்டர்களுக்குப் போகும் ஃபைபர்களின் நீளத்தைப் பாருங்கள். ஒரு மீட்டர் வித்தியாசம் 5 நானோசெகண்ட். நாலு மீட்டர் என்றால் அடுத்த பல்ஸுக்கே தள்ளிவிடும். 20 நானோசெகண்டுக்கு ஒன்றாக வரும் குட்டி உச்சங்கள் தற்செயல் பொருத்தங்கள். உயரமானது பூஜ்யத்தில்தான் இருக்கும் என்றில்லை, தேடும் சாளரத்தை அகலமாகவே வையுங்கள்.