பள்ளி வகுப்பறையில் யோகா: தொடங்கும் ஆசிரியருக்கு ஒரு வழிகாட்டி

பிற்பகலின் கடைசிப் பாடவேளையில் வகுப்பறை வாசலில் நின்று குழந்தைகளைப் பாருங்கள். முதுகு வளைந்து, தோள்கள் முன்னே சரிந்து, தலை புத்தகத்தின் மேல் தொங்கிக்கொண்டிருக்கும். மூச்சு நெஞ்சின் மேற்பகுதியோடு நின்றுவிடும். பல மணி நேரம் ஒரே இருக்கையில் அமர வைக்கப்பட்ட உடல் வேறு எப்படி இருக்க முடியும்? யோகா பள்ளிக்குள் வரவேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு முதற்காரணம் இந்தக் காட்சிதான்.

முறையாகச் செய்துவந்தால் உடல் சமநிலையும் தசைகளின் நெகிழ்வும் கூடுகின்றன. நிமிர்ந்து உட்காரும் பழக்கம் வருகிறது. பதற்றம் ஏறும்போது அதைத் தானே தணித்துக்கொள்ளும் ஒரு வழி குழந்தையின் கைவசமாகிறது. இவற்றுள் கடைசியாகச் சொன்னதையே நான் பெரிதாக மதிக்கிறேன். அதே சமயம், யோகா ஓடியாடும் விளையாட்டுக்கு மாற்று ஆகாது. 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களாவது மூச்சு வாங்கும் அளவுக்கு இயங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எனவே யோகாவுக்கான நேரத்தை விளையாட்டுப் பாடவேளையிலிருந்து பிடுங்கக் கூடாது.

வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் என்பதைவிட, தினமும் பத்து நிமிடம் என்பதே பலன் தரும். காலையில் முதல் பாடத்துக்கு முன்பு வைத்துக்கொள்வது நல்லது. வயிறு நிறைய உண்டபின் இரண்டு மணி நேரமாவது கழிய வேண்டும். விரிப்பு இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. தாடாசனம் (நிமிர்ந்து நேராக நிற்றல்), விருட்சாசனம் (மரம்போல் ஒற்றைக்காலில் நிற்றல்), கைகளை உயர்த்திப் பக்கவாட்டில் வளைதல் ஆகியவற்றை இருக்கைக்கு அருகில் நின்றபடியே செய்யலாம்.

ஆசனங்களுக்கு முன் மூச்சைக் கற்றுக்கொடுங்கள். ‘நன்றாக மூச்சை இழுங்கள்’ என்று சொன்னவுடன் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் தோள்களைக் காது வரை தூக்கி, வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். இது தலைகீழான பழக்கம். ஒரு கையை வயிற்றின் மேல் வைக்கச் சொல்லுங்கள். மூச்சு உள்ளே போகும்போது கை மெல்ல வெளியே தள்ளப்பட வேண்டும், வெளியே வரும்போது உள்ளே இறங்க வேண்டும். கை அசைவதைத் தன் கண்ணால் பார்த்த குழந்தைக்கு அதன்பின் விளக்கம் தேவைப்படாது. அது பழகியபின், மூன்று எண்ணும் வரை இழுத்து ஐந்து எண்ணும் வரை விடச் செய்யுங்கள். மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைவதும் வெளிவிடும்போது தணிவதும் உடலின் இயல்பு. வெளிமூச்சை நீட்டுவதால் மனம் அமைதி அடைவதற்கு இதுவும் ஒரு காரணம். தேர்வு அறைக்குள் நுழையும் முன் குழந்தை தனியாகவே, யாருக்கும் தெரியாமல் செய்துகொள்ளக்கூடிய பயிற்சி இது.

மூச்சை அடக்கும் பயிற்சி மட்டும் வேண்டாம். திருமூலர் கூறும் 16, 64, 32 என்ற கணக்கு, அதாவது 16 மாத்திரை (கால அளவு) இழுத்து 64 மாத்திரை நிறுத்தி 32 மாத்திரை விடுவது, குருவின் அருகிருந்து நெடுநாள் பழகியவர்களுக்கு உரியது. அதைப் பத்து வயதுப் பிள்ளையிடம் முயன்று பார்க்கக் கூடாது. கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேக மூச்சுகளையும் வகுப்பறையில் தவிர்த்துவிடுங்கள். வாயை மூடி வண்டுபோல் ரீங்கரிக்கும் பிராமரி போதும். சிறு குழந்தைகளுக்கு அதில் மிகுந்த விருப்பம் உண்டு.

விருட்சாசனத்தில் ஒற்றைக்காலில் நிற்கும் குழந்தை தள்ளாடுவது பெரும்பாலும் கால் வலுவின்மையால் அல்ல, பார்வை அலைவதால்தான். பக்கத்தில் நிற்பவர் விழுகிறாரா என்று பார்த்த கணமே இவரும் விழுவார். எதிர்ச்சுவரில் ஒரு புள்ளியைக் காட்டி, அதை விட்டுக் கண்ணை எடுக்காமல் நிற்கச் சொல்லுங்கள். உயர்த்திய பாதத்தைத் தொடையிலோ கணுக்காலருகிலோ வைக்கலாம், முழங்கால் மூட்டின் மீது மட்டும் வைக்கக் கூடாது. தடுமாறியவர் மீண்டும் காலை உயர்த்தும்வரை பொறுமையாகக் காத்திருங்கள். கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துவது என்றால் என்ன என்பதைக் குழந்தை தன் உடலாலேயே உணரும் இடம் அது.

யார் அதிக நேரம் நிற்கிறார், யார் அதிகம் வளைகிறார் என்று ஒருபோதும் போட்டி வைக்காதீர்கள். நிலையாகவும் சுகமாகவும் இருப்பதே ஆசனம் என்பது யோக சூத்திரம் இயற்றிய பதஞ்சலியின் இலக்கணம்; வலியோடு வளைந்து பரிசு வாங்குவது அந்த இலக்கணத்தில் சேராது. வளரும் எலும்புகளின் முனைகளில் மென்மையான வளர்ச்சிப் பகுதிகள் இருப்பதால், பின்னால் நின்று முதுகை அழுத்தி வளைப்பது தீங்கு விளைவிக்கலாம். தலைகீழாக நிற்பதால் கழுத்தில் பாரம் ஏறும் சிரசாசனத்தை வகுப்பறையில் தவிர்க்க வேண்டும். தவறுகளைச் சொல்லால் திருத்துங்கள். தொட்டுத் திருத்த வேண்டுமெனில் குழந்தையின் சம்மதத்தைக் கேளுங்கள். ஆஸ்துமா உள்ளவரின் இன்ஹேலர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். வலிப்பு, அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை முதலியவற்றைப் பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டறிந்து, மருத்துவரின் ஒப்புதலையும் பெறுங்கள்.

பெற்றோரில் சிலருக்குச் சமயம் சார்ந்த தயக்கம் இருக்கலாம். அமெரிக்காவின் அலபாமா மாநில அரசுப் பள்ளிகளில் 1993இல் தடைசெய்யப்பட்ட யோகா 2021இல்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. என்ன செய்யப்போகிறோம் என்பதை முன்னதாகவே விளக்கி, விரும்பாத குழந்தைக்கு விலகியிருக்கும் உரிமையைக் கொடுத்தால் இத்தயக்கம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இறுதி இரண்டு நிமிடங்களை, மல்லாந்து அசையாமல் படுத்து ஓய்வெடுக்கும் சவாசனத்துக்கு ஒதுக்குங்கள். படுக்க இடமில்லையெனில் மேசையில் கைகளை மடித்துத் தலை சாய்க்கட்டும். கண்களை மூடும்படி கட்டாயப்படுத்த வேண்டாம், சில குழந்தைகளுக்கு அது அச்சம் தரும். படுத்திருப்பவர்களைத் திடீரென எழுப்பாமல், வலப்பக்கம் ஒருக்களித்து, கையை ஊன்றி எழச் சொல்லுங்கள். அதன்பின் தொடங்கும் பாடத்தின் முதல் சில வாக்கியங்களைத் தாழ்ந்த குரலிலேயே பேசுங்கள்.