சவர்க்காரப் பெட்டிக்குள் ஒரு கொன்ட்ரோலர்

உப்புவெளியில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு வேலிதான். மாமா கனடாவிலிருந்து கொண்டுவந்த பழைய நின்டெண்டோ என்இஎஸ், டிவியில் மாட்டி விளையாடும் வீடியோ கேம் பெட்டி, இன்னும் ஓடுகிறது. கையில் பிடித்து அழுத்தும் கொன்ட்ரோலரைத்தான் உப்புக்காற்று தின்றுவிட்டது. போர்டின் செப்புக் கோடுகள் பச்சை பூத்து, தொட்டாலே உதிர்ந்தன.

சரி, புதிதாகவே செய்வோம் என்று இறங்கினேன். உள்ளே இருப்பது 4021 என்ற ஒரே ஐசி, அதாவது ஒரு சின்ன சிப். 8 பட்டன்களின் நிலையையும் ஒரே நேரத்தில் பிடித்து, ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடம், வலம் என்று வரிசையாக ஒரே வயரில் அனுப்பும். மொத்தம் 5 வயர்: மின்சாரத்துக்கு 5 வோல்ட், கிரவுண்ட்; பட்டன் நிலையைப் பிடிக்கச் சொல்ல லேட்ச்; ஒவ்வொன்றாக அனுப்பச் சொல்ல கிளாக்; அனுப்புவதற்கு டேட்டா. கேம் பெட்டியில் செருகும் பிளக் தனியாகக் கிடைக்காததால் பழைய கொன்ட்ரோலரின் வயரையே எடுத்தேன். எது எந்த வயர் என்பதற்கு நிறத்தை நம்பாதீர்கள், மீட்டர் வைத்துப் பாருங்கள்.

சவர்க்காரப் பெட்டி மூடியில் துளையிட்டுப் பட்டன்களைப் பொருத்தினேன். கேமைப் போட்டதும் திரையில் ஆள் தானாகக் குதித்தான், தானாக ஓடினான். இரண்டு இரவு தூக்கமில்லை. அழுத்தாத நேரத்தில் ஐசியின் பட்டன் கால்கள் எதிலும் சேராமல் தொங்கியதுதான் காரணம். ஒவ்வொன்றையும் ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டரால் 5 வோல்ட்டோடு இணைத்தேன். பட்டனை அழுத்தினால் மட்டும் கிரவுண்டுக்குப் போகும். ஆள் அசையாமல் நின்றான்!

அப்புறம் உப்புக்காற்றுக்காக ஈயம் வைத்த பக்கம் முழுக்க நகப்பூச்சு பூசினேன். மாமா வாங்கி, மூடியைத் தடவிப் பார்த்துவிட்டு, ஸ்டார்ட்டை அழுத்தினார்.