பழைய ‘ரவிவர்மா படம்’: வயசும் ஊரும் தேடும்போது எங்கே சறுக்குகிறது

செட்டிநாட்டு வீடுகளிலிருந்து பழம்பொருள் கடைக்கு வரும் கண்ணாடிச் சட்டம் போட்ட சாமி படம் எதுவானாலும் அதற்கு ஒரே பெயர்தான், ‘ரவிவர்மா படம்’. பல நேரம் அதில் பாதி உண்மை இருக்கும். சிக்கலே அதனால்தான்.

பெரும்பாலானோர் முதலில் நம்புவது படத்துக்குள் இருக்கும் கையெழுத்தை. இந்தப் படங்கள் கல்லில் உருவத்தை ஏற்றித் தாளில் எடுத்த அச்சுகள். கையெழுத்தும் மூல ஓவியத்தோடு சேர்ந்து கல்லில் ஏறியதுதான். எல்லாப் பிரதியிலும் இருக்கும். படத்துக்குள் வருடம் இருந்தால் அதுவும் ஓவியம் தீட்டிய வருடமே தவிர, அச்சடித்த வருடமல்ல. 1894-இல் பம்பாயில் ஓவியர் ரவிவர்மா தொடங்கிய அச்சகம் பிறகு ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர் கைக்குப் போனது. 1906-இல் ஓவியர் மறைந்த பின்னும் பல பத்தாண்டுகள் அது ஓடியது. ஆக, அவர் 1896-இல் தீட்டிய சரஸ்வதி உங்கள் கையில் 1920களின் தாளாக இருக்கலாம். ‘ரவி வர்மா பிரஸ்’ என்று அச்சாகியிருப்பதும் ஓவியர் யாரென்று சொல்லாது. துரந்தர் போன்ற மற்ற ஓவியர்களின் படங்களையும் அதே அச்சகம் போட்டது.

படத்தின் ஜாதகம் அடி ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும்: அச்சகம், ஊர், சில படங்களில் பதிவு எண். சட்டம் போட்டவர் கண்ணாடி அளவுக்கு ஓரத்தை நறுக்கியிருந்தால் அது போயிற்று. ஆனால் அந்த எழுத்து வரி இல்லை என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். சட்டத்தின் உள்விளிம்பு கால் அங்குலத்தை மறைத்துக்கொண்டிருக்கும். வரி கிடைத்தாலும் முழுசாகப் படிக்க வேண்டும். அச்சகம் 1899 வாக்கில் லோனாவ்லா அருகே மளவ்லிக்கு இடம் மாறியது. அதனால் ‘பம்பாய்’ என்று கண்டதும் 1899-க்கு முந்தியது என்று துள்ளுகிறவர்கள் உண்டு. அது விற்பனையாளர் அனந்த் சிவாஜி தேசாயின் பம்பாய் மோதி பஜார் முகவரியாக இருக்கலாம். அச்சிட்ட ஊரும் விற்ற ஊரும் வேறு வேறு.

தலைப்பின் மொழியும் இப்படித்தான் ஏமாற்றும். தேவநாகரியோ தமிழோ, அது வாங்குகிறவருக்காகப் போட்டது. இந்தியச் சந்தைக்கான சாமி படங்கள் ஜெர்மனியிலும் அச்சாகிக் கப்பலில் வந்தன.

கல் அச்சுதானா என்று பார்க்கப் பத்து மடங்கு லென்ஸ் போதும். நகைக்கடைக்காரர் வைத்திருப்பது. சாமியின் கன்னத்தில் வையுங்கள். புள்ளிகள் ஒழுங்கில்லாமல், அரிசி நொய்யைத் தூவியது போலச் சிதறி, ரோஸ், வெளிர்நீலம், தோல் நிறம் என்று ஒவ்வொரு வண்ணமும் தனித்தனியாகத் தெரிந்தால் கல் அச்சு. ஒரு வண்ணத்துக்கு ஒரு கல் என்பதால் உருவத்தின் விளிம்பில் ஒரு மயிரிழை விலகலும் தெரியும். புள்ளிகள் அளவெடுத்தாற்போல வரிசையாக நின்று சின்னப் பூ வடிவம் காட்டினால் அது ஆஃப்செட் என்ற பிற்கால இயந்திர முறையில் போட்ட மறு அச்சு. மேலே வார்னிஷும் கேன்வாஸ் துணி போன்ற சொரசொரப்பும் இருப்பதை வைத்து ‘கையால் வரைந்தது’ என்று நினைப்பவர்கள் நிறைய. ஒலியோகிராஃப் என்றாலே எண்ணெய் ஓவியம் போலத் தோன்றச் செய்த அச்சுதான். தாளின் வெறும் ஓரத்தில் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். பளீரென்று வெளிர்நீலமாக ஒளிர்ந்தால் 1950-ஐ ஒட்டியோ அதற்குப் பின்போ செய்த தாள் என்ற சந்தேகம் வர வேண்டும்.

பின்பலகையைக் கழற்றினால் உள்ளே பழைய செய்தித்தாள் இருக்கும். அதிலுள்ள தேதி சட்டம் போட்ட காலத்துக்குக் கீழ்வரம்பு மட்டுமே: அந்த நாளுக்கு முன் அந்தச் சட்டம் மூடப்பட்டிருக்க முடியாது. அச்சு அதைவிட முப்பது வருடம் மூத்ததாகவும் இருக்கலாம். சட்டக்கடை லேபிளில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் லேபிள் 1972-க்கு முந்தியதல்ல.

கழற்றும்போது ஆணியை நெம்பாமல், குறடால் நேராக இழுக்க வேண்டும். தாள் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். உரித்தால் முகமே கண்ணாடியோடு போய்விடும். ஈரத்துணி கூடவே கூடாது. மேலே ஒட்டிய சரிகை, சம்கி வேலையை ‘ஒரிஜினல் தெரியட்டும்’ என்று பிய்ப்பது பெரிய கொடுமை. அது அந்த வீட்டின் கைவேலை. படம் எங்கே இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

ஒப்பிட, பிரிட்டிஷ் மியூசியத்தின் இணையப் பட்டியலில் இந்த அச்சகத்துப் படங்கள் அளவோடும் ஓர வரிகளோடும் இருக்கின்றன. உருவத்தின் அளவு, தாளின் அளவு இரண்டையும் மில்லிமீட்டரில் தனித்தனியே குறித்துக்கொண்டு தேடுங்கள். ஓரம் நறுக்கிய படத்துக்குத் தாளின் அளவு உதவாது. உருவத்தின் அளவுதான் பொருந்த வேண்டும்.