சிங்க்கில் தண்ணீர் தேங்கினால் செய்யக்கூடாதவை

பெங்களூரில் வாடகை வீடுகளுக்குக் குழாய் வேலைக்குப் போகும்போதெல்லாம், புதிதாகக் குடித்தனம் வந்த நம்மூர்ப் பிள்ளைகள் அதே தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்வதைக் காண்கிறேன். சல்லடை போடாதது, சோற்றைக் கொட்டுவது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

தேங்கிய நீரில் அடைப்புப் பொடியைக் கொட்டுவது

இந்தப் பொடிகளில் பெரும்பாலும் இருப்பது காஸ்டிக் சோடா. நீர் ஓரளவு வடியும் குழாயில், பாக்கெட்டில் சொன்ன அளவு போட்டு, சொன்ன நேரத்தில் கழுவிவிட்டால் அது எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும். நீர் நகராத இடத்தில் கொட்டினாலோ, குருணை பாட்டில் டிராப்பின் (சிங்க்குக்குக் கீழே குழாயில் மாட்டியிருக்கும், நீர் தங்கும் பாட்டில் போன்ற பகுதி) அடியில் இறங்கிக் கல்லாக இறுகிவிடும்.

அல்சூரில் ஒரு வீட்டில் நான் டிராப்பைத் திருகத் தொடங்கியபோது, கசிந்த நீர் கையுறையில் வழவழவென்று பட்டது. உடனே நிறுத்திவிட்டுக் கேட்டபோதுதான், “ரெண்டு பாக்கெட் போட்டேன், அண்ணே” என்றார் அந்தத் தம்பி. போட்டதைக்கூட நான் மன்னிப்பேன். கீழே குனிந்து வேலை பார்ப்பவரிடம் அதைச் சொல்லாமல் இருப்பதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த நீர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். டிராப்பைக் கழற்றிக் கழுவினால் முடிந்திருக்க வேண்டிய வேலை, டிராப்பையும் சுவருக்குள் செல்லும் குழாயையும் அறுத்து மாற்றுவதில் போய் முடிந்தது.

பொடியைப் போட்டுவிட்டீர்களானால் அதன்மேல் ஆசிட் ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் சூடேறிக் கொதித்துத் தெறிக்கும். அந்த நீரை அலுமினியப் பாத்திரத்தில் பிடிக்கவும் கூடாது; பிளாஸ்டிக் வாளிதான் வேண்டும். கண்ணில் பட்டால் ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு, தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கொதிநீர் ஊற்றுவது

தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். பெங்களூரின் மார்கழி இரவுகளோ 15, 16 டிகிரிக்கு இறங்குபவை. ஆகவே சென்னையில் அதிகம் வராத அடைப்பு இங்கே வருகிறது. அதற்குக் கை பொறுக்கும் சூட்டில் நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிவிசி குழாய் இளகும். உள்ளே இட்லி மாவு படிந்திருந்தால் அது வெந்து களியாகிவிடும்.

சமையல் சோடாவும் வினிகரும்

நுரை வரும், அடைப்பு போகாது.

பம்ப் அடிப்பது

பம்ப் என்பது அடைப்பெடுக்கும் ரப்பர் கிண்ணம் வைத்த கம்பு. இரட்டைத் தொட்டி என்றால் மற்றொரு வாயை ஈரத்துணியால் அடைத்த பிறகே அடியுங்கள். பொடி போட்ட சிங்க்கில் அடிக்கவே வேண்டாம்.

டிராப்பை மாட்டும்போது

வாஷரைத் துடைத்துச் சரியாக அமர்த்தி, கையால் மட்டும் முறுக்குங்கள். ஸ்பேனர் வைத்தால் பிளாஸ்டிக் மரை விரிசல் விடும். பிறகு தொட்டியை நிரப்பி ஒரே முறையில் திறந்துவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள்.